குத்துப் பாட்டுக் கேட்ட இளைஞர்களும் உங்கள் சொந்தப் பாட்டும்

தலவாக்கலைக்கு அருகே தோட்டமொன்றில் வாழும் 27 வயது வாசகர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது:

"இசைக்குழு ஒன்றில் கீபோர்ட் வாசித்துப் பாடுகிறேன். கோயில் திருவிழா, கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா என்று கிடைக்கும் மேடைகளே எங்கள் வருமானம். எல்லா இடத்திலும் சினிமாப் பாட்டுத்தான். கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் லீவுக்கு வீடு திரும்புவதைப் பற்றி நானே ஒரு பாட்டு எழுதி மெட்டமைத்தேன். போன திருவிழாவில் அதைப் பாடியபோது பாதியிலேயே 'குத்துப் பாட்டு போடுங்க' என்று கூச்சலிட்டார்கள். பேசிய தொகையில் ஒரு பகுதியைக் கமிட்டியினர் பிடித்துக்கொண்டார்கள். இனிமேல் சொந்தப் பாட்டே வேண்டாம் என்கிறார்கள் குழுவினர். கொழும்பில் ஒரு நிகழ்ச்சிக்கு அழைத்தவர்களோ, தேயிலைத் தோட்டத்துத் துயரப் பாட்டுகளை மட்டும் பாடச் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்ததை நான் எங்கே பாடுவது? குழுவை விட்டு விலகிவிடலாமா? பாட்டின் பதிவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்."

அன்புள்ள தம்பி,

உங்கள் பாட்டைப் பலமுறை கேட்டேன். முதலில் சொல்ல வேண்டியது, அது நல்ல பாட்டு. ரயில் ஹட்டனைத் தாண்டும்போது ஜன்னலோரம் நின்று சட்டைப் பையில் இருக்கும் காசை எண்ணிப் பார்க்கும் அந்த இளைஞனின் படம், சொந்தக் கண்ணால் பார்த்தவரால்தான் எழுதக்கூடியது. ஆகவே நான் கீழே சொல்லப்போவது எதையும், பாட்டை விட்டுவிடுங்கள் என்ற பொருளில் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கூச்சலிட்டவர்கள் யார் என்பதை உங்கள் கடிதத்திலேயே நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். 'திருவிழாவுக்காகக் கொழும்பிலிருந்து வந்திருந்த பையன்கள்தான் முன்னால் நின்று சத்தம் போட்டார்கள்' என்பது உங்கள் வரி. அந்த வரியை நீங்கள் வருத்தத்தோடு எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். எனக்கோ உங்கள் பிரச்சினை முழுவதும் அந்த இடத்தில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது. உங்கள் பாட்டு அந்தப் பையன்களைப் பற்றியது. கடை முதலாளியிடம் கெஞ்சி இரண்டு நாள் லீவு வாங்கி, பஸ்ஸிலும் ரயிலிலும் நின்றபடியே வந்து, கரகம் பாலிக்கும் சடங்கு முடிந்த இரவில், தங்கள் தோட்டத்து மைதானத்தில், தங்கள் கூட்டாளிகளோடு ஆட வேண்டும் என்று நின்றவர்களிடம், அவர்கள் எவ்வளவு பரிதாபத்துக்குரியவர்கள் என்பதை மெதுவான தாளத்தில் நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். அவர்கள் கேட்டது ஆடுவதற்கான ஒரு பாட்டு. அவர்களுக்குக் கிடைத்தது தங்களைப் பற்றிய ஓர் அனுதாபம். அன்றிரவு அவர்கள் நின்ற நிலையில் நாம் நின்றிருந்தால் நாமும் சத்தம் போட்டிருப்போம்.

எங்கள் சனங்களுக்குச் சோகப் பாட்டுப் பிடிக்காது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட வேண்டாம். மாசி மாதத்தில் கம்பம் நட்டு, பௌர்ணமியில் காமன் தகனம் வரை நடக்கும் காமன் கூத்தை நீங்கள் சிறுவயதிலிருந்து பார்த்திருப்பீர்கள். மன்மதன் எரிந்துபோவான் என்பது கூட்டத்தில் உள்ள குழந்தைக்கும் தெரியும். ஆயினும் ரதியின் புலம்பல் வரும்போது, பகல் முழுவதும் மலையில் கொழுந்து பறித்து வந்த பெண்கள் அந்தக் குளிரில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்கிறார்கள். அந்தப் புலம்பலுக்கு முன்பு ரதியும் மன்மதனும் வீடு வீடாகப் போய் ஆடியிருக்கிறார்கள். சிரிப்பும் கேலியும் நடந்திருக்கின்றன. தப்பு என்னும் பறையின் அடி எல்லார் காலிலும் ஏறியிருக்கிறது. ஆடிக் களைத்த உடம்பில்தான் அந்த அழுகை இறங்குகிறது. அத்தோடு, காமன் பாட்டு மரபில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து வாதம் செய்பவர்கள் பழைய மெட்டுக்குள் அந்த இரவுக்கென்றே புதிய சொற்களைக் கட்டிப் பாடுவதும் உண்டு. கதையும் மெட்டும் கேட்பவர்களுக்குச் சொந்தமாக இருப்பதால் பாடுகிறவர் சொல்லில் எவ்வளவு தூரம் போனாலும் அவர்கள் கூடவே போகிறார்கள். நீங்கள் தேடும் சுதந்திரம் இந்த மலையில் ஏற்கனவே புழக்கத்தில் இருந்த ஒன்று.

ரசிகர்களின் எதிர்பார்ப்பு என்று நாம் பொதுவாகச் சொல்வதை, தெரிந்த பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்கும் ஆசை என்று நினைக்கிறோம். என் அனுபவத்தில் அது பாதிதான் உண்மை. திருவிழாக் கூட்டம் எதிர்பார்ப்பது, பாட்டுக்குள் தங்களுக்கும் ஓர் இடம் இருக்க வேண்டும் என்பதை. சினிமாப் பாட்டில் அந்த இடம் முன்கூட்டியே கிடைத்துவிடுகிறது, ஏனென்றால் பல்லவி எல்லாருக்கும் மனப்பாடம். புதிய பாட்டில் அந்த இடத்தை நீங்கள்தான் அமைத்துக் கொடுக்க வேண்டும். அக்காலத்துப் பாட்டுப் புத்தகங்களில் பாட்டின் தலைப்புக்குக் கீழே 'இன்ன மெட்டு' என்று அச்சிடும் வழக்கம் இருந்தது இந்தக் காரணத்தால்தான்: சொல் புதிதாக இருந்தால் மெட்டாவது வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தோட்டத் தொழிலாளர் இயக்கத்தின் தொடக்க காலத்தில் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரோடு கூட்டங்களுக்குச் சென்ற அவர் மனைவி மீனாட்சி அம்மாள், அரசியலைப் பேச்சாக மட்டும் விட்டுவிடாமல் பாட்டாகவும் பாடியதை இங்கே நினைத்துப் பாருங்கள். புதிய செய்தியைச் சனங்களிடம் கொண்டுபோகப் பாட்டை நம்பிய அம்மையார் அவர்.

இனி உங்கள் பாட்டின் உள்ளே போகிறேன், ஏனெனில் 'ரசிகர்களைப் புரிந்துகொள்ளுங்கள்' என்று பொதுவாகச் சொல்வதால் உங்களுக்குப் பயனில்லை.

பதிவில் பாட்டு தொடங்குவதற்கு முன் கீபோர்டில் வயலின் ஒலியில் நீண்ட முன்னிசை ஒன்று வருகிறது. ஸ்டூடியோவில், காதில் ஹெட்ஃபோன் வைத்துக் கேட்கும்போது அது அழகாக இருக்கிறது. திறந்த மைதானத்தில், ஒரு பக்கம் ஜெனரேட்டரும் மறுபக்கம் கச்சான் கடைக்காரரின் குரலும் கேட்கும் இடத்தில், அந்த முன்னிசை முடிவதற்குள் கூட்டம் பேசத் தொடங்கிவிடும். மேடைக்கென்று அதை வெட்டிவிட்டு, தப்பில் இரண்டு சுற்று அடித்து நேராகப் பல்லவிக்கு வாருங்கள். பதிவில் அந்த முன்னிசை அப்படியே இருக்கட்டும். ஒரே பாட்டுக்கு இரண்டு உருவம் இருப்பதில் தவறு ஏதும் இல்லை.

பாட்டைச் சிவரஞ்சனியில் அமைத்திருக்கிறீர்கள். சோகம் என்றதும் கை தானாகப் போகும் ராகம் அது. முதல் வரியிலேயே 'இது அழுகைப் பாட்டு' என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடுகிறது; அதற்குப் பிறகு நீங்கள் சொல்ல வந்த எதுவும் புதிதாகத் தோன்றாது. பல்லவியை மோகன ராகத்தில் பாடிப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காந்தாரம் என்ற 'க' சுரம் ஒன்றுதான்: சிவரஞ்சனியில் சாதாரண காந்தாரம், மோகனத்தில் அந்தர காந்தாரம், மற்ற நான்கு சுரங்களும் அப்படியே. ஊருக்குத் திரும்பும் பயணம் மகிழ்ச்சியான விஷயம்தானே, அந்த மகிழ்ச்சி பல்லவியில் கேட்கட்டும். பிறகு இரண்டாம் சரணத்தில், அந்த இளைஞன் காசை எண்ணும் இடத்தில், காந்தாரத்தை மட்டும் கீழே இறக்குங்கள். யாருக்கும் சுர ஞானம் தேவையில்லை. வெளிச்சம் மங்கியது போல ஏதோ ஒன்று மாறியதை எல்லாரும் உணர்வார்கள். அந்தச் சரணம் முடிந்து மறுபடி மோகனத்தில் பல்லவிக்கு வரும்போது, அதே வரி அவர்களுக்கு வேறாகக் கேட்கும். உங்களுடைய துயரத்தை நீங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்கு ஒரு நேரத்தைக் கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

தாளத்திலும் ஒரு மாற்றம் வேண்டும். உங்கள் சொற்கள் நான்கு நான்காக எண்ணும் மெதுவான சதுஸ்ரத்தில் இழுபடுகின்றன. வாயால் சொல்லிப் பார்த்தேன். பல்லவியின் இரண்டு வரிகளும் ஓர் எழுத்துக்கூட மாறாமல், மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில் உட்காருகின்றன. எங்கள் சனங்களின் கால் இயல்பாக அசைவது திஸ்ரத்தில். இன்னொன்று, பல்லவி மேல் ஸ்தாயி வரை ஏறுகிறது. உங்கள் குரலுக்கு அது எட்டும், கூட்டத்துக்கு எட்டாது. பல்லவியைச் சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடையிலேயே அடக்கி, இரண்டாவது வரியைக் கூட்டம் திருப்பிச் சொல்லும்படி விட்டுவிடுங்கள். சரணத்தில் நீங்கள் எங்கே வேண்டுமானாலும் போகலாம். அங்கே யாரும் உங்களைப் பிடித்து வைக்க மாட்டார்கள்.

தப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பதிவில் கேட்கும் தப்பு ஒலி ஒக்டபேட் என்ற மின்னணுத் தாளக் கருவியிலிருந்து வருவது. உங்கள் தோட்டத்திலேயே தப்படிக்கும் குடும்பங்கள் இருக்கும்போது இது ஏன்? பனி இறங்கும் இரவில் தோல் தளர்ந்து ஒலி மங்கும், அடிக்கடி நெருப்பில் காய்ச்ச வேண்டும், மேடையில் அதற்கு வசதியில்லை என்று நீங்கள் சொல்லலாம். இரண்டு தப்பு வைத்துக்கொண்டு, ஒன்று மேடையில் இருக்கும்போது மற்றதை மேடைக்குப் பின்னால் காய்ச்சினால் அந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். உண்மையான தடை வேறு என்று நினைக்கிறேன். ஒரு காலத்தில் விடியற்காலையில் தொழிலாளரைப் வேலைக்குப் பிரித்து அனுப்பும் பிரட்டுக்களத்துக்கு அழைத்ததும் தப்புத்தான். சாவு வீட்டிலும் சாமி ஊர்வலத்திலும் முன்னால் போவதும் தப்புத்தான். ஆனால் அதை அடிப்பவர்களைச் சாதியின் பேரால் தள்ளி நிறுத்திய வழக்கமும் கூடவே இருந்தது. அந்த அவமானம் தாங்காமல்தான் பல குடும்பங்களின் பிள்ளைகள் இன்று தப்பைத் தொட மறுக்கிறார்கள். அவர்களை அழைப்பதென்றால் மேடையின் நடுவில், ஒலிவாங்கியோடு, கீபோர்ட் வாசிக்கும் உங்களுக்கு என்ன பங்கோ அதே பங்கு பணத்துக்கு அழையுங்கள். சாமி வரும்போது மட்டும் அடித்துவிட்டுப் போகச் சொல்லும் அழைப்பு வேண்டாம். அவர்கள் உங்களோடு மேடையில் நின்றால், உங்கள் புதிய பாட்டின் தாளம் கூட்டத்தில் பாதிப் பேருக்கு முதல் அடியிலேயே பழக்கமானதாகிவிடும் என்பது தொழில் ரீதியான காரணம். மரியாதை என்பது அதைவிடப் பெரிய காரணம்.

பாட்டை எந்த இடத்தில் வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். நீங்கள் அதை நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே, பக்திப் பாட்டு முடிந்த கையோடு பாடியிருக்கிறீர்கள். இன்றைய கர்நாடகக் கச்சேரிக்கு உருவம் கொடுத்தவர் என்று சொல்லப்படும் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான சின்னக் கீர்த்தனைகளால் சபையைத் தம் பக்கம் இழுத்த பிறகுதான் விரிவான உருப்படிக்குப் போவார். கடைசியில் எல்லாரும் விரும்பும் துக்கடா என்னும் சிறு பாடல்களைக் கொடுத்து அனுப்புவார். அவ்வளவு பெரிய வித்துவானே கேட்பவர்களின் மனநிலையைக் கணக்கில் எடுத்துத்தான் தம் கச்சேரியை அமைத்தார். உங்கள் குழு நான்கைந்து ஆட்டப் பாட்டுகளைப் பாடி, கூட்டம் வியர்த்து, யாரோ ஒருவர் மூச்சு வாங்க நிற்கும் நேரத்தில் உங்கள் பாட்டைத் தொடங்குங்கள். முடிந்த கையோடு அவர்களுக்கு மிகவும் பிடித்த ஒரு பாட்டைக் கொடுங்கள். ஓர் இரவுக்கு ஒரு சொந்தப் பாட்டு போதும். அதே பாட்டை அடுத்த தோட்டத்திலும், அதற்கடுத்த தோட்டத்திலும் பாடுங்கள். சில திருவிழாக்கள் கழியும்போது அது 'தெரிந்த பாட்டு' ஆகியிருக்கும்.

கல்யாண வீடுகளை இதிலிருந்து விலக்கி வையுங்கள். அது அவர்கள் வீட்டு நாள். அவர்கள் கேட்டதை மனமார வாசியுங்கள்.

கொழும்பு நிகழ்ச்சியைப் பற்றி உங்களுக்கு இருக்கும் மனக்கசப்பு நியாயமானது. தோட்டத்துப் பையன்கள் உங்களைத் தடுக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள். எனக்கென்னவோ கொழும்பு மண்டபத்தின் எதிர்பார்ப்புத்தான் உங்கள் கலைக்கு அதிக ஆபத்தானதாகத் தெரிகிறது, ஏனென்றால் அது கைதட்டலோடு வருகிறது. 2023இல் மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்த 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நடந்தபோது, எங்கள் வரலாறு பலருடைய காதுகளுக்கு முதன்முறையாக எட்டியது. அது பெரிய காரியம். ஆனால் அதன் பிறகு, மலையகப் பாட்டு என்றால் அட்டைக் கடியும் கங்காணியின் கொடுமையும் லயன் வீட்டுக் கண்ணீரும் மட்டும்தான் என்ற ஓர் எதிர்பார்ப்பும் சில மேடைகளில் வலுத்துவிட்டது. மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த எங்கள் நாட்டார் பாடல்களை எடுத்துப் பாருங்கள். அங்கே கண்ணீர் இருக்கிறது. அதோடு காதல் இருக்கிறது, மாமன் மகளைச் சீண்டும் குறும்பு இருக்கிறது, கங்காணியைக் கேலி செய்யும் துணிச்சல் இருக்கிறது. துயரத்தை மட்டும் பாடச் சொல்வது எங்கள் பாட்டன் பாட்டி பாடியதில் பாதியை மறைக்கச் சொல்வதற்குச் சமம். அழைப்பை மறுக்காதீர்கள். துயரப் பாட்டு இரண்டு பாடுங்கள், அதற்குப் பிறகு தப்போடு ஓர் ஆட்டப் பாட்டைப் பாடுங்கள், அதுவும் மலையகப் பாட்டுத்தான் என்று ஒலிவாங்கியிலேயே சொல்லுங்கள். ஏற்பாட்டாளர்களிடம் இதை முன்கூட்டியே தெரிவித்துவிடுவது முறை.

மேடையில் ஒரு பாட்டு என்பது உங்களுக்குப் போதாது என்பது எனக்குத் தெரியும். மிகுதியைப் பாட வேறு இடம் வேண்டும். அதற்குப் பெரிய மண்டபம் தேவையில்லை. தோட்டத்து வாசிகசாலையிலோ பாடசாலை மண்டபத்திலோ, போயா தினமொன்றில் பிற்பகலில், ஒரு கீபோர்ட், ஒரு தப்பு, இருபது முப்பது நாற்காலிகளோடு தொடங்கலாம். அங்கே வருபவர்கள் உங்கள் பாட்டைக் கேட்கவே வருபவர்கள். நீண்ட முன்னிசையும் சிவரஞ்சனியும் அங்கே வரட்டும். அந்தக் கூட்டத்துக்கு ஆகும் செலவையும் பதிவுச் செலவையும் திருவிழா வருமானத்திலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் உங்கள் பங்கில் பத்தில் ஒன்றை வேறாக எடுத்து வையுங்கள். அந்த வகையில் பார்த்தால், நீங்கள் வெறுக்கத் தொடங்கியிருக்கும் குத்துப் பாட்டுகள்தான் உங்கள் சொந்தப் பாட்டுகளுக்குச் சோறு போடப்போகின்றன. அவற்றை அரைமனதோடு வாசிக்காதீர்கள். கேட்பவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

பாட்டை யூடியூபில் ஏற்றப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது. சினிமாப் பாட்டைப் பாடி ஏற்றினால் அதன் வருமானத்துக்கு உரிமையாளர்கள் கோரிக்கை வைப்பார்கள். சொந்தப் பாட்டில் அந்தத் தொல்லை இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, நீங்கள் இயற்றிய பாட்டின் உரிமை பதிவு எதுவும் செய்யாமலே உங்களுக்குரியது. உங்கள் வாழ்நாளுக்குப் பிறகும் 70 ஆண்டுகள் நீடிப்பது. ஸ்டூடியோவுக்குக் காசு குறைத்துத் தருவதாகச் சொல்லி யாராவது நீட்டும் தாளில், அந்த உரிமையை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். மெட்டில் குழுவினர் யாருக்காவது பங்கு இருந்தால் அதையும் இப்போதே தேதியிட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

குழுவை விட்டு விலக வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. உங்கள் நண்பர்கள் உங்கள் பாட்டை வெறுக்கவில்லை. பிடிபட்ட பணத்தைப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. கமிட்டி பணத்தைப் பிடித்தது சரியன்று, பேசியது பேசியதுதான். அதே நேரத்தில் அது எந்தப் பணம் என்பதையும் பார்க்க வேண்டும். நாள் சம்பளம் 1000 ரூபா வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடி 2021இல்தான் அதைப் பெற்ற மக்கள், வீட்டுக்கு வீடு பணம் போட்டு எடுக்கும் திருவிழா அது. அந்த இரவில் தாங்கள் எதிர்பார்த்தது கிடைக்க வேண்டும் என்று அவர்கள் நினைப்பதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனவே அடுத்த திருவிழாவுக்கு முன்பணம் வாங்கும்போது, மொத்தத் தொகை, நேரம், எத்தனை பாட்டு ஆகியவற்றோடு 'குழுவின் சொந்தப் பாட்டு ஒன்று' என்பதையும் ஒரு தாளில் எழுதி, கமிட்டித் தலைவருக்கு அந்தப் பாட்டைப் போனில் போட்டுக் காட்டி, அவரிடம் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பிரதி ஒன்றை உங்கள் குழுவில் அதிகமாகத் தயங்கும் நண்பரின் கையிலேயே கொடுத்து வையுங்கள்.